பயப்படாத குமரிகள்: ஷ்யாமின் ஓவியங்களும் வாவிக்கரைப் பேய்களும்

ஓவியர் ஷ்யாம் வரைந்த குமரிகள் அரக்கரைக் கண்டு பயப்படுவதில்லை. 2010இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் வெளியிட்ட ‘குமரி லவ்ஸ் எ மொன்ஸ்டர்’ என்ற படநூலைப் பற்றி எதைச் சொல்வதானாலும் இங்கிருந்துதான் தொடங்கவேண்டியிருக்கிறது. எழுதியவர் ரஷ்மி ரூத் தேவதாசன். வளர்ந்தவர்களுக்கான படப்புத்தகம் இது. எழுத்து கொஞ்சம், மீதியெல்லாம் படம். தமிழ்ப் பெண்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள்; ஒவ்வொருத்தியின் அருகிலும் ஓர் அரக்கன் நிற்கிறான். கதை என்று பெரிதாக எதுவுமில்லை. அவர்கள் காதலிக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதை ஒரு வேடிக்கை நூல் என்று சிரித்துவிட்டு மூடிவைக்கலாம். பலரும் அப்படித்தான் செய்தார்கள். பதிப்பகமும் அந்தச் சிரிப்பை எதிர்பார்த்தே அதை வெளியிட்டிருக்கும். ஆனால் மட்டக்களப்பு வாவிக்கரையில் இருந்துகொண்டு இந்நூலைப் புரட்டும் ஒருத்திக்குச் சிரிப்போடு வேறு சிலதும் சேர்ந்து வருகின்றன. முதலாவது, அந்தக் ‘குமரி’ என்ற சொல். நமது பேச்சில் ‘குமர்’ என்றால் வெறும் இளம்பெண் அல்ல. “வீட்டில ரெண்டு குமர் கிடக்கு” என்று ஓர் உம்மா சொல்லும்போது அதற்குள் வளவும் வீடும் சீதனமும் ஊர்வாயும் இரவில் சரியாகப் பூட்டாத கதவும் எல்லாம் இருக்கின்றன. குமர் என்பதே ஒரு குடும்பத்தின் பயத்துக்கு நாம் இட்ட பெயர். அந்தச் சொல்லைத் தலைப்பில் ஏந்திய ஒரு நூலில் பயம் என்பதே இல்லை என்பது என்னைத் தடுத்து நிறுத்தியது. (இந்த அரக்கர்கள் சீதனமும் கேட்பதாகத் தெரியவில்லை.)

*

ஷ்யாமைப் பெயர் தெரியாமலே நம்மில் பலர் அறிவோம். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா, இந்திரா சௌந்தர்ராஜன் ஆகியோரின் மாத நாவல்களைப் படித்த தலைமுறைக்கு அவற்றின் அட்டைகள்தாம் முதல் ஓவியக்கூடம். சென்னையில் அச்சாகிக் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து யார் யாருடைய பயணப் பைகளிலோ கிழக்குக்கு வந்த அந்தப் புத்தகங்கள் யுத்தகாலத்தில் கைமாறிக் கைமாறி முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் இல்லாமல் போன பின்னரும் படிக்கப்பட்டன. கொலைகாரன் யாரென்று தெரியாமலே நான் முடித்த நாவல்கள் பல.

அந்த அட்டைகளுக்கு ஓர் இலக்கணம் இருந்தது. அட்டையின் பெரும்பகுதியை ஒரு பெண்முகம் நிரப்பும். அந்தந்தக் காலத்து நடிகையொருத்தியின் சாயல் அதில் தெரியும். நேரடிப் புகைப்படத்தையே வெட்டி ஒட்டியதும் உண்டு. கீழே ஒரு மூலையில் கத்தி, மண்டையோடு, இரத்தத் துளி, அல்லது இருட்டிலிருந்து நீளும் ஒரு கை. உள்ளேயுள்ள கதைக்கும் அட்டைக்கும் தொடர்பிருக்கவேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை. ஆனால் அட்டை சொல்லும் கதை எப்போதும் ஒன்றேதான். பயம் என்பது ஒரு பெண்ணுக்கு நேர்வது. அவள் அழகாக இருக்கவேண்டும். அதனால்தான் அவளுக்கு அது நேர்கிறது. வாங்குபவன் அழகுக்கும் பயத்துக்கும் சேர்த்து ஒரே விலையைக் கொடுக்கிறான்.

ஷ்யாம் இந்த இலக்கணத்துக்குள் வேலைசெய்தவர். அதைக் கெட்டியாக்கியவர்களில் ஒருவரும்கூட. தோலில் வழுக்கும் பளபளப்பு, ஈரம் காயாத உதடு, கண்ணுக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி, கூந்தலில் மல்லிகை. எந்தக் கடையில் தொங்கினாலும் பத்தடி தூரத்தில் அடையாளம் காணக்கூடிய கை. 2008இல் பிரீதம் சக்கரவர்த்தி தெரிவுசெய்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, ராகேஷ் கன்னா பதிப்பித்த தமிழ் வெகுசனக் கதைகளின் தொகுதி பிளாஃப்ட் வெளியீடாக வந்தபோது அதன் அட்டைக்கும் ஷ்யாமே வேண்டப்பட்டார். அந்த அட்டைப் பெண்ணின் கையில் துப்பாக்கி இருந்தது. மூலையில் கிடந்த ஆயுதம் அவள் கைக்கு வந்துவிட்டது. இரண்டு வருடம் கழித்து, மூலையில் கிடந்த பேயும் நடுவுக்கு வந்து அவள் தோளில் கைபோட்டது. ஒரு அட்டை ஓவியரின் வளர்ச்சியை இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதற்கு முன்னரும் தமிழ் வீடுகளில் ஒரு பேய்ப்படம் பிரபலமாக இருந்தது. ‘அம்புலிமாமா’வில் ஓவியர் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தனும் வேதாளமும்தான் அது. 1952இல் அந்நிறுவனத்தில் சேர்ந்து பல தசாப்தங்கள் வரைந்து 2020இல் மறைந்த அவரது தூரிகையில் அரசனின் தோளில் தொங்கும் பிணமும், கையில் உருவிய வாளும், சுற்றிலும் சுடுகாடும் ஒரு நாட்காட்டிக் கடவுளின் படத்துக்குரிய நிதானத்துடன் இருக்கும். அந்தப் படத்தில் பயம் பெண்ணின் மேல் சுமத்தப்படவில்லை. ஓர் ஆண் அதைத் தன் தோளில் தானே சுமக்கிறான், அதோடு பேசிக்கொண்டும் போகிறான். மாத நாவல் அட்டைகள் வந்தபோது இந்த மரியாதை போய்விட்டது என்றே கருதுகிறேன். ஷ்யாமின் அரக்கர்கள் ஒருவகையில் அந்த வேதாளத்தின் பேரப்பிள்ளைகள். அவர்களும் மனிதரோடு ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

*

எங்கள் வீடுகளில் இந்த அட்டைகளுக்கு நேர்ந்ததையும் சொல்லவேண்டும். எனது வாப்பா கதைப்புத்தகத்துக்கு எதிரானவர் அல்லர், அட்டைக்கு எதிரானவர். உயிருள்ளவற்றின் உருவம் தொங்கும் வீட்டுக்குள் மலக்குகள் வரமாட்டார்கள் என்ற ஹதீஸ் எல்லோருக்கும் தெரிந்தது. எனவே நாவல்கள் ‘தினகரன்’ தாளில் உறைபோட்டு இருக்கும். உறை போடாதவற்றுக்கு வேறு வழி உண்டு. நீலப் பேனாவால் கண்கள் இரண்டையும் அழித்துவிடுவது. பாடசாலைப் புத்தகத்துப் படங்களுக்குக் கழுத்தின் குறுக்கே ஒரு கோடு இழுப்பது. தலை உடலிலிருந்து பிரிந்துவிட்டால் அது உயிருள்ளதன் உருவமாகாது என்பது விளக்கம்.

இதை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. அதைச் செய்த கைகள் அன்பான கைகள். ஆனால் ஒரு ஓவிய விமர்சகி அந்தப் புத்தகங்களை இப்போது எடுத்துப் பார்த்தால் என்ன காண்பாள்? கண்ணிருந்த இடத்தில் நீலக் குழிகளுடன் புன்னகைக்கும் ஒரு நடிகையின் முகம். கழுத்து வெட்டப்பட்ட நிலையில் பந்து விளையாடும் ஒரு சிறுவன். ஷ்யாமோ ஜெயராஜோ நினைத்தும் பார்த்திராத கோரங்கள் இவை. வெகுசனப் பிம்பத்தையும் பயங்கரத்தையும் கலக்கும் ஓவியம் என்று இன்று உலகில் ஒரு வகையே இருக்கிறது; பேர்பெற்ற நடிகர்களுக்கு மண்டையோட்டு முகம் வைப்பது, கேலிச்சித்திரப் பாத்திரங்களின் தோலை உரிப்பது என்று அதற்குப் பல கிளைகள். எங்கள் உம்மாமார் அதை ஒரு பேனாவோடு எப்போதோ செய்துவிட்டார்கள். உருவத்தைத் தவிர்க்கப் போய் உருவங்களிலேயே பயங்கரமானதை உண்டாக்கிவிட்டோம் என்பதை நமது கலை விவாதங்கள் கணக்கில் எடுத்ததே இல்லை.

பயங்கர உருவம் என்பது நமது மரபுக்கு வெளியிலிருந்து வந்தது என்ற எண்ணமும் ஆராயாமல் சொல்லப்படுவதுதான். 1283இல் இறந்த ஸகரிய்யா அல்-கஸ்வீனியின் ‘அஜாஇபுல் மக்லூகாத்’ நூற்றாண்டுகளாகப் படங்களுடன் பிரதி செய்யப்பட்டது. தலையில்லாதோர், நாய்த்தலையர், கடற்பூதங்கள் எல்லாம் அதில் படைப்பின் அதிசயங்களாக வரிசைப்படுகின்றன. இஸ்தான்பூல் தொப்காபி அரண்மனை ஏடுகளில் ‘சியாஹ் கலம்’ என்ற பெயரால் அறியப்படும் ஓவியங்கள் இன்னும் வியப்பானவை. கறுத்த, சுருங்கிய தோல், வால், கொம்பு. ஆனால் அந்தப் பேய்கள் நடனமாடுகின்றன, சண்டையிடுகின்றன, இரண்டு பேராகச் சேர்ந்து மரம் அரிகின்றன. கையிலும் காலிலும் பொன் வளையங்கள் வேறு, நம்மூர் மணப்பெண் போல. வரைந்தவன் அவற்றோடு கொஞ்சநாள் குடியிருந்திருக்கிறான் என்று தோன்றும்.

தூரம் போகவும் தேவையில்லை. எனது மூத்தம்மாவின் வீட்டில் ஒரு காலத்தில் புராக்கின் படம் தொங்கியது. குதிரை உடல், இறக்கை, மயில் தோகை, பெண்முகம். இந்தியாவில் அச்சான படம். அந்தப் பெண்முகம் அக்காலத்து ஹிந்தி நடிகையொருத்தியின் முகம் என்பதை ஊரில் எல்லோரும் அறிந்திருந்தார்கள், யாரும் சொல்லவில்லை. பின்னர் அது கழற்றப்பட்டது, சுவரில் ஆணி மட்டும் மிஞ்சியது. மார்க்க விளக்கம் எப்படியிருந்தாலும், கலப்புருவத்துக்குச் சினிமா முகம் வைப்பதை ஷ்யாமின் புத்தகத்தில் முதன்முதலாகக் கண்டோம் என்று நாம் சொல்லமுடியாது.

*

இனி அந்தப் படங்களுக்கு வருகிறேன். அவற்றின் பலம் அரக்கரின் கோரத்தில் இல்லை. கோரம் என்ற அளவில் அவர்கள் சாதாரணமானவர்கள்தாம். செதில், கொம்பு, உரோமம், தேவைக்கு மேற்பட்ட கைகால்கள் எனப் பழைய அமெரிக்கப் படங்களின் கிட்டங்கியிலிருந்து வந்த உடல்கள். பலம் இருப்பது நிலைகளில். கன்னத்தோடு கன்னம் வைப்பது, பின்னாலிருந்து இடையைப் பற்றுவது, ஒருவர் தூரத்தைப் பார்க்க மற்றவர் அவரைப் பார்ப்பது. தமிழ்ச் சினிமா டூயட்டின் நிலைகள் இவை. கதாநாயகன் நின்ற அதே இடத்தில், அதே கோணத்தில் அரக்கன் நிற்கிறான். பெண் கொஞ்சமும் மாறவில்லை. மாதாந்தம் கடைகளில் தொங்கிய அதே மல்லிகை, அதே ஈர உதடு.

வெகுசனப் பிம்பம் என்றால் நாம் உடனே ஒரு முகத்தை நினைக்கிறோம். எம்ஜிஆர், ரஜினி, மர்லின் மன்றோ. ஷ்யாம் முகத்தை எடுக்கவில்லை, நிலையை எடுத்தார். எனது பார்வையில் இது கூர்மையான தெரிவு. ஏனென்றால் ரஜினியின் முகத்தில் பேய்ப்பல் வரைந்தால் அது ரஜினியைப் பற்றிய கிண்டலோடு முடியும். டூயட்டின் நிலையில் அரக்கனை நிறுத்தினால், இதுவரை அங்கே நின்றவர்கள் யார் என்ற கேள்வி எழுகிறது. பெண்ணை மழையில் துரத்தியவன், கையைப் பிடித்து இழுத்தவன், ‘இல்லை’ என்றதை ‘ஆம்’ என்று எடுத்துக்கொண்டவன் எல்லாம் நாயகன் என்ற பெயரில் அந்த இடத்தில்தானே நின்றான்? இந்த அரக்கர்கள் அவனைவிடப் பணிவாக இருக்கிறார்கள். நூலின் நகைச்சுவை இந்த இடத்தில் கொஞ்சம் கசக்கிறது. அந்தக் கசப்புக்காகவே அதை மீண்டும் எடுத்துப் பார்த்தேன்.

ஒப்பீட்டுக்கு ஒருவர். எகிப்தில் கிரேக்கப் பெற்றோருக்குப் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த பஸில் கோகொஸ், 1960 தொடக்கம் ‘ஃபேமஸ் மொன்ஸ்டர்ஸ் ஒஃப் ஃபில்ம்லாண்ட்’ சஞ்சிகைக்கு அட்டைகள் வரைந்தார். கறுப்பு வெள்ளைப் படங்களில் கண்ட பேய்முகங்களுக்குப் பச்சை, சிவப்பு, மஞ்சள் வெளிச்சங்களைப் பாய்ச்சி அவற்றை அரச குடும்பத்தவரின் உருவப்படங்கள் போலாக்கினார். ஃபிராங்கன்ஸ்டைனின் படைப்பு அவர் கையில் துயரமுள்ள ஒரு மனிதனாகிறது. கோகொஸின் அட்டையில் பேய் தனியே இருக்கிறது; அதன் தனிமைதான் அந்தப் படம். ஷ்யாமிடம் அந்த ஆழம் கிடையாது. அவரது அரக்கரின் கண்களுக்குள் போகமுடியவில்லை, பெண்களின் கண்களுக்குள்ளும் போகமுடியவில்லை. அந்த வெள்ளைப் புள்ளி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஆனால் கோகொஸ் தன் பேய்க்கு ஒரு துணையை அருகில் வைப்பது வழக்கமில்லை. தமிழ் நாட்காட்டி மரபில் வளர்ந்த ஒருவருக்குத்தான் ஜோடியாக வரையவேண்டும் என்பது இயல்பாக வந்திருக்கும். கடவுளர்கூட அங்கே ஜோடியாகத்தானே நிற்கிறார்கள்.

குறையென்று நான் காண்பது வேறிடத்தில். இந்த அரக்கர்களுக்கு ஊர் இல்லை. அவர்கள் எந்தச் சாதி, எந்த மதம், எந்தத் தெரு என்று கேட்கமுடியாது. ஒரு தமிழ்ப் பெண் யாரை விரும்பினால் வீட்டில் அரிவாள் எடுப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்; அதற்குச் செதிலும் கொம்பும் தேவையில்லை. நூல் அந்த இடத்துக்கு மிக அருகில் வந்துவிட்டுச் சிரித்துக்கொண்டு விலகிப்போகிறது. சென்னையில் ஆங்கிலம் படிக்கும் வாசகருக்கு அந்தச் சிரிப்புப் போதுமாயிருக்கலாம். பேயென்று சொல்லப்பட்டது அயலவனாக இருந்த பிரதேசத்திலிருந்து பார்க்கும்போது அது போதவில்லை.

*

2011 ஓகஸ்ட். நோன்பு மாதம். கிறீஸ் பூதம் என்றும் மர்ம மனிதன் என்றும் சொல்லப்பட்ட ஒன்று நாட்டின் பல பாகங்களில் பெண்களைத் தாக்குவதாகக் கதை பரவியது. ஓட்டமாவடியிலிருந்தும் பொத்துவிலிலிருந்தும் எங்களுக்குச் செய்தி வந்தது. ஆண்கள் தராவீஹ் தொழுகைக்குப் பள்ளிவாசலில், வீட்டில் நாங்கள். பல ஊர்களில் பொல்லுகளோடு காவல் நின்றார்கள். ஓடியவன் முகாமுக்குள் போய் ஒளிந்துகொண்டான் என்று சனங்கள் பொலிசையும் படையினரையும் சூழ்ந்துகொண்டார்கள். புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரர் அடித்துக் கொல்லப்பட்டார். யாழ்ப்பாணம் நாவாந்துறையில் இளைஞர்கள் படையினரால் அடித்து இழுத்துச்செல்லப்பட்டார்கள். யுத்தம் முடிந்து இரண்டு வருடங்களே ஆகியிருந்தன.

அந்த நாட்களில் ஒன்றைக் கவனித்தேன். எவரிடமும் அதன் படம் இல்லை. ஆனால் எல்லோரும் அதை வருணித்தார்கள். உடம்பு முழுக்கக் கறுப்புக் கிறீஸ், இரும்பு நகம், மதில் தாண்டும் சப்பாத்து. அந்த வருணனைகள் எங்கிருந்து வந்தன என்று யோசித்தால் ‘விடாது கருப்பு’ தொலைக்காட்சித் தொடரும் மாத நாவல் அட்டைகளும் டிவிடியில் பார்த்த ஆங்கிலப் படங்களும் வரிசையாக வந்து நிற்கின்றன. ராகவா லாரன்ஸின் ‘காஞ்சனா’ அதற்குச் சற்று முன்னர் ஜூலையில்தான் வெளியாகியிருந்தது. பயம் உண்மையானது, காயங்களும் உண்மையானவை. முகம் மட்டும் இரவல். நமது பயத்தை நாம் வரைந்து பார்க்காததால் அது வாடகைக்கு எடுத்த உடையில் வந்தது.

‘காஞ்சனா’ பற்றி ஒரு வரி. அதில் நாயகனைப் பிடிக்கும் ஆவிகளில் ஒன்று ஒரு முஸ்லிம் பாய். மலையாள நடிகர் பாபு ஆண்டனி நடித்த பாத்திரம். வீட்டிலிருந்து விரட்டப்பட்ட திருநங்கை காஞ்சனாவுக்கு அடைக்கலம் கொடுத்தவர், பின்னர் கொலையுண்டவர். வணிகப் படம்தான், சத்தம் தாங்கமுடியாது. ஆனாலும் அதன் பேய்களுக்கு முகவரி இருந்தது. யார், எதற்காகக் கொல்லப்பட்டார்கள், நிலம் யாருடையது என்று படம் சொல்கிறது. ஷ்யாமின் நூலில் இல்லாதது இந்த முகவரி. படத்தில் இல்லாதது ஷ்யாமின் நிதானம்.

கிறீஸ் பூதத்துக்கு முன்னரே இப்பிரதேசத்துக்குச் சொந்தமான ஒரு பயங்கர உருவம் உண்டு. அதற்கு நகமோ பல்லோ கிடையாது. தலையில் கவிழ்த்த ஒரு சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. சுற்றிவளைப்பில் வரிசையாக நடத்திச் செல்லப்படுபவர்களை வாகனத்துக்குள் இருந்து பார்த்துத் தலையசைக்கும் ‘தலையாட்டி’. அசைத்தால் அந்தப் பிள்ளை வீடு திரும்பாது. தெற்கில் 1987–89 காலத்தில் சிங்கள மக்கள் இதே உருவத்தைக் ‘கோணி பில்லா’ என்றார்கள். குழந்தைகளை வெருட்டச் சொல்லும் சாக்குப் பூச்சாண்டியின் பெயர். 2012க்குப் பின் எழுந்த முஸ்லிம் எதிர்ப்புப் பிரசாரத்தில் அதே பெயர் அபாயா அணிந்த நமது பெண்கள்மேல் எறியப்பட்டது. 2019 ஏப்ரல் 21இன் கொலைகளுக்குப் பின்னர், மட்டக்களப்பு சியோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் பலர் குழந்தைகள் என்ற துக்கத்தின் நடுவே, ஏப்ரல் 29இல் அவசரகால விதியின் கீழ் முகத்திரை தடைசெய்யப்பட்டது. ஒரு சாக்கு முப்பது வருடங்களில் காட்டிக்கொடுப்பவனின் தலையிலிருந்து பெண்ணின் உடலுக்கு நகர்ந்திருக்கிறது. இதைவிடத் துல்லியமாகப் பயங்கரத்தையும் வெகுசனப் பிம்பத்தையும் கலந்த ஓவியம் வேறு உண்டா? ஆனால் இதை எந்த ஓவியரும் வரையவில்லை, கூட்டமாகச் சேர்ந்து வாயால் வரைந்தார்கள்.

நமக்குள்ளும் கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது. சாக்குக்குள் சிலவேளை நம்மவரும் இருந்தார்கள் என்பது தமிழ் அயலவரின் நினைவு. 1990 ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோரைப் புலிகள் சுட்டுக் கொன்றது நமது நினைவு. அந்தச் சுவரில் சன்னங்களின் தடங்கள் இன்னும் இருக்கின்றன. இரு கரைகளிலும் பேய்க்கு மற்றவரின் சாயலை வைத்தே பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தோம்.

*

இலங்கை ஓவியர்கள் பயத்தை வரையவில்லை என்று நான் சொல்லவரவில்லை. சோதனைச்சாவடிப் பீப்பாயை 1990களில் தன் ஓவியத்தின் மையமாக்கிய சந்திரகுப்த தேனுவர இருக்கிறார். மட்டக்களப்பில் கமலா வாசுகியின் பெண்கள் யுத்தத்தையும் வன்முறையையும் உடலில் தாங்கி நிற்கிறார்கள். அக்கரைப்பற்றுக் கவிஞர் றஷ்மியின் கோடுகளும் நமக்குத் தெரிந்தவையே. ஆனால் இவையெல்லாம் கண்காட்சிக்கும் இலக்கியச் சஞ்சிகைக்கும் உரியவை. ஷ்யாமின் இடம் கடைவாசலின் கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கும் இடம். அங்கே தொங்கும் பிம்பம்தான் கிறீஸ் பூதத்துக்கு உடம்பைக் கொடுக்கிறது. எனவே அந்த இடத்தில் என்ன தொங்குகிறது என்பது ஓவியக்கூடத்தில் என்ன தொங்குகிறது என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது.

‘குமரி’யை நான் மதிப்பது இதற்காகத்தான். உயர்ந்த ஓவியம் என்ற உரிமை எதையும் கோராமல், மலிவு அட்டையின் அதே மையையும் அதே மினுக்கத்தையும் வைத்துக்கொண்டு, பயப்படுபவள் இடத்திலிருந்து அந்தப் பெண்ணை ஷ்யாம் எழுப்பிவிட்டார். எழுத்தாளர் ரஷ்மி ரூத் தேவதாசனுக்கும் இதில் பாதிப் பங்கு உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல; ஒரு பெண் எழுதியிராவிட்டால் இந்தக் குமரிகள் இவ்வளவு அலட்சியமாக நின்றிருப்பார்களா என்பது சந்தேகம். இரண்டு பேருக்கும் ஊரில்லாத அரக்கர்கள் போதுமாயிருந்தார்கள். நமக்கு அந்த வசதி கிடையாது.

பெண்கள் பாடசாலையொன்றில் சித்திரம் படிப்பிக்கும் எனது தோழி ஒருவரோடு இதைக் கதைத்தேன். அவரது வகுப்பில் பிள்ளைகள் மனித உருவம் வரையச் சொன்னால் முதுகுப்பக்கத்தையே வரைகிறார்களாம். முகத்தைத் தவிர்க்க அது ஒரு வழி. “தலையாட்டியை அவங்க நல்லா வரைவாங்க ராத்தா, முகமே வேணாமே” என்றார். சிரித்துவிட்டு, பிறகு இருவரும் பேசாமல் இருந்தோம். அவர் சொன்னதில் ஒரு சிக்கல் இருக்கிறது. முகமில்லாத பேயை வரைவது நமக்குச் சுலபம், பழக்கமானதும்கூட. ஷ்யாமின் வழியில் வரைவதென்றால் சாக்கை எடுக்கவேண்டும். எடுத்து, அவனை ஒரு குமரின் அருகில், திண்ணையிலோ வாவியில் தோணியிலோ உட்காரவைத்து, நாட்காட்டியின் பளபளப்போடு வரையவேண்டும். அப்போது உள்ளே யாருடைய முகத்தை வைப்பது என்று தோழி கேட்டார். தமிழ்ப் பொடியனுடையதா, நம்ம காக்காமார் ஒருவருடையதா, சிங்களச் சிப்பாயினுடையதா. எதை வைத்தாலும் ஒரு ஊர் எரியும் என்றார்.

ஷ்யாமாக இருந்தால் அந்த மாதம் ஓடிக்கொண்டிருக்கும் படத்தின் கதாநாயகனுடைய சாயலை வைத்துவிட்டு அடுத்த அட்டைக்குப் போயிருப்பார். அது தப்பித்தல் என்று தோழி சொல்கிறார். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. எல்லா ஊரிலும் சுவரில் ஒட்டியிருந்த ஒரு முகம் அது. மூன்று பகுதியாரும் அதை ஒரே கொட்டகையில் பார்த்த காலமும் இருந்தது.